ஏழாம் தலைமுறையும் வேதாரண்யத்துப் புகையிலையும்

ஜோகூருக்கு நான் போனது புகையிலை விற்க. வேதாரண்யத்துப் புகையிலைக்கு அந்தச் சீமையில் தோட்டத்து ஜனங்களிடம் நல்ல பெயர். பெயர் இருக்கும்போதே போய் நாலு கடைக்காரர்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். கோட்டை கொத்தளம் தேடும் எண்ணமெல்லாம் என்னிடம் இல்லை. அதைக் கிளப்பிவிட்டவர் எங்கள் ஊர்க் கோதண்டபாணி வாத்தியார்.

வாத்தியாருக்குச் சரித்திரப் பைத்தியம். சோழ ராஜா கப்பலேறிப் போய் மலாய் நாட்டை ஜெயித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால், தானும் அந்தக் கப்பலில் ஒரு மூலையில் உட்கார்ந்து போனவர் மாதிரிதான் சொல்லுவார். நான் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். ஜோகூர் ஆற்றுக்கு மேலே காட்டுக்குள் கறுப்புக் கல்லால் கட்டிய கோட்டை ஒன்று மறைந்து கிடக்கிறதாம். சோழர் படை நொறுக்கிய கோட்டை அதுதானாம். அங்கே தமிழ் எழுத்து வெட்டிய கல் ஒன்றாவது இல்லாமல் போகாது, நீர் பார்த்துவிட்டு வாரும் என்றார்.

"ஓய், யாராவது அந்தக் கோட்டையைப் பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"பார்த்திருந்தால் உம்மை ஏன் அனுப்புகிறேன்?" என்றார்.

முதலில் பத்து பாகாட் என்ற ஊருக்குப் போனேன். மலாயில் செதுக்கிய கல் என்று அர்த்தமாம். ஊருக்கே கல்லின் பெயர் இருக்கிறதே, வாத்தியாருக்கு இங்கேயே ஏதாவது அகப்பட்டுவிடும் என்று நினைத்தேன். காப்பிக் கடையில் உட்கார்ந்து விசாரித்தேன். கடைக்காரச் சீனர், சயாம் சிப்பாய்கள் தாகத்துக்குக் கிணறு வெட்டிய கல் என்றார். பக்கத்து மேஜை மலாய்க்காரர், ஓடி வந்த இளவரசன் ஒருவன் செதுக்கினது என்றார். துறைமுகத்தில் கணக்கெழுதும் தமிழ்க் கிராணி ஒருவர் சத்தத்தைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்க வேலைதாங்க, வெளியில சொல்லக்கூடாது" என்றார். கல் எங்கே என்று கேட்டபோது மட்டும் மூவரும் ஒற்றுமையாக ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

நானும் ஆற்றுப் பக்கம் போனேன். சேறு இருந்தது. நண்டு இருந்தது.

காப்பியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். கொட்டையை வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுக் கருக வறுத்து, துணிப் பையில் வடிகட்டி, அடியில் டின் பாலைக் கனமாக ஊற்றிக் கொடுக்கிறார்கள். கும்பகோணத்து ஆசாமி யாராவது அதைப் பார்த்தால் கண்ணீர் விடுவார். நான் இரண்டு கோப்பை குடித்தேன். தொட்டுக்கொள்ள அரை வேக்காட்டு முட்டையும், தேங்காய்ப் பால் ஜாம் தடவிய ரொட்டியும் வந்தன. கோட்டை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றிவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஒரு மலை இருக்கிறது. அதன் உச்சியில் ஒரு தேவதைப் பெண் இருந்தாளாம். ராஜா பெண் கேட்டு ஆள் அனுப்பினான். அவள் சீர் வரிசை கேட்டாள்: ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம். ராஜாவால் முடியவில்லை. ராஜா பத்து பாகாட்டில் நான் தங்கிய அறையில் ஒரு ராத்திரி படுத்திருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். தட்டுதான் போதாமல் போயிருக்கும்.

மறுநாள் ஆயர் ஈத்தாம் வழியாகத் தம்போய்க்கு பஸ்ஸில் வந்தேன். பஸ் மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம் ஜனங்கள் இறங்கி, வாழைப்பழ பஜ்ஜி வாங்கித் தின்று, மறுபடி ஏறிக்கொண்டார்கள். யாருக்கும் கோபம் இல்லை. நம் ஊரில் பஸ் நின்றால் டிரைவருடைய ஏழு பரம்பரையையும் இழுப்போம். இந்த ஏழு கணக்கு எனக்கு வேறு மாதிரி வந்து சேரப்போகிறது என்று அப்போது தெரியாது.

தம்போயில் மளிகைக் கடை வைத்திருக்கும் ராமையா என் வாடிக்கைக்காரர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். எதையும் சிரித்துக்கொண்டே, அவ்வப்போது அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டுச் சொல்லுவார். கோத்தா திங்கி போய் இரண்டு கடைக்காரர்களைப் பார்க்க வேண்டும், அப்படியே அங்கே ஜோகூர் ஆற்றங்கரையில் கோட்டையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும் என்றேன்.

"கோட்டையா? தம்போயில யார்கிட்ட கேட்டாலும் அவங்க மாமா பாத்திருப்பாரு லா. மாமாவை மட்டும் கேக்க முடியாது, செத்திருப்பாரு" என்றார். "வாங்கண்ணே, நானும் வரேன். பாக் யூசோப் வண்டி இருக்கு. ஆனா அவரு ஊருக்குள்ள வரமாட்டாரு. ஊருக்கு முன்னால ஒரு சின்னப் பாலம் இருக்கு. அதுவரைக்கும்தான்."

ஏன் என்று கேட்டேன். அவரிடமே கேளுங்கள் என்றார்.

பாக் யூசோப் ஐம்பது தாண்டிய மலாய்க்காரர். பாக் என்பது பெரியவர்களுக்கு அங்கே வைக்கும் மரியாதை. ரொம்ப நாள் தமிழர்கள் வேலை செய்யும் தோட்டத்தில் லாரி ஓட்டியதால் தமிழ் தடையில்லாமல் பேசுவார். என்னைத் தவுக்கே என்று கூப்பிட்டார். முதலாளிக்கு அங்கே அப்படிப் பெயர். அவருடைய மோட்டாருக்குக் கூரை கிழிந்திருந்தது, கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. முன் ஸீட்டில் துணியில் சுற்றி ஒரு இளநீர்க் காய் உட்கார்ந்திருந்தது. அதன் மேல் பக்கத்தைச் சீவி, வாய் விளிம்பைப் பல் பல்லாக அழகாக வெட்டியிருந்தார்.

"தவுக்கே, இதை மடியில வச்சிக்கிட்டு வாங்க. சாயக்கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நீங்கதான் தூக்கிட்டுப் போகணும்" என்றார்.

விஷயம் இதுதான். அவருக்கு மனைவி இல்லை, ஒரே மகள் சலேஹா. அவளைக் கோத்தா திங்கியில் கொடுத்திருக்கிறார். அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. அன்று மத்தியானம் பிள்ளைக்கு முடி எடுக்கும் சடங்கு. பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கத்தரியை வாங்கி, பிள்ளையின் தலையில் ஒரு சின்ன முடியைக் கத்தரித்து, இந்த இளநீர்க் காய்க்குள் போடுவார்கள். நமக்குத் தாய்மாமன் மடி மாதிரி அவர்களுக்கு இது. தாத்தா செய்த காய் போகும், தாத்தா போகமாட்டார். பேரனை அவர் இன்னும் பார்க்கவேயில்லை. மகள் பிள்ளை பெற்ற பத்தியத்தில் இருப்பதால் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது.

"ஏன் போகமாட்டீர்கள்?" என்றேன்.

வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார். இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் வம்சத்தில் ஒருவர் ராஜாவின் கடற்படைக்குத் தலைவர். அவர் கடல் மேல் சண்டைக்குப் போயிருந்த சமயம், கர்ப்பிணியாக இருந்த அவர் மனைவிக்குப் பலாச்சுளை மேல் ஆசை வந்தது. தோட்டக்காரன் ராஜாவுக்குப் போகிற பலாப்பழத்திலிருந்து ஒரு சுளை கொடுத்தான். ராஜாவுக்குத் தெரிந்துபோயிற்று. வயிற்றுப் பிள்ளைதான் கேட்டது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைதான் கேட்டதா என்று பார்க்கிறேன் என்று அந்தப் பெண்ணின் வயிற்றைக் கிழிக்கச் சொன்னான். புருஷன் திரும்பி வந்தான். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ராஜா பல்லக்கில் போகும்போது குத்தினான். சாகிற ராஜா தன் கிரீஸ் கத்தியை வீசினான், அது குத்தினவன் கால் விரலில் பட்டது. கூடவே சாபமும் விட்டான். உன் வம்சத்தில் ஏழு தலைமுறைக்கு எவன் இந்த மண்ணை மிதித்தாலும் ரத்தம் கக்குவான்.

"நான் ஏழாவது" என்றார் யூசோப். "மகள் எட்டாவது. அவளுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் கடைசி."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அந்தக் கடற்படைக்காரருக்குத்தான் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டதே. வம்சம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"அவரோட தம்பி பிள்ளைங்க நாங்க."

"தம்பி என்ன தப்புச் செய்தார்?"

"சாகப்போற ராஜா நின்னு விசாரிப்பாரா தவுக்கே?"

அதில் நியாயம் இருந்தது. நான் விடவில்லை. குத்தினவரையே முதல் தலைமுறையாக வைத்தால் நீங்கள் எட்டாவது ஆகிவிடுவீர்கள், சாபம் உங்களோடு சேராது என்றேன். அவர் தலையை ஆட்டினார். "புகையிலை எடை போடும்போது சாக்கையும் சேத்துத்தான் போடுவீங்களா?" என்று கேட்டார். பின்னால் ராமையா அடக்க முடியாமல் சிரித்தார். நான் எப்படி எடை போடுவேன் என்பது ராமையாவுக்குத் தெரியும்.

வழியில் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், நாசி லெமாக் வாங்கினோம். வாழை இலையில் தேங்காய்ப் பால் சோறு, வறுத்த நெத்திலி, காதில் புகை வருகிற சம்பல். பக்கத்தில் ஒரு கிழவி பலாப்பழத்தை வெட்டி வைத்திருந்தாள். வாசனை ரோடு வரை வந்தது. யூசோப் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். அவர் வீட்டில் பலாப்பழம் நுழைந்ததே இல்லையாம். ராஜா, சாபம், கொலை எல்லாம் போகட்டும், ஒரு மனுஷன் ஆயுசு முழுவதும் பலாச்சுளை தின்னவில்லை என்று கேட்டதும் எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது.

பாலத்துக்கு முன்னால் ரோடு சரிவாக இறங்குகிறது. யூசோப் சரிவின் மேலேயே வண்டியை நிறுத்தினார். கைப்பிரேக் செத்து வருஷக்கணக்காகிறதாம். ஸீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து தூரத்தைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் தென்னைக்குப் பின்னால் சில கூரைகள் தெரிகின்றன. அதில் எது தன் மகள் வீடு என்று அவருக்குத் தெரியாது. ராமையாவிடம் கேட்டார். அவர் காட்டினார். அதன் பிறகு அவர் வேறு எங்கும் பார்க்கவில்லை.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தெரியாத சமயத்தில் எங்கள் ஊரில் செய்வதைச் செய்தேன். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் தன் வழக்கப்படி வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காசுக் கட்டி எல்லாம் எடுத்துக்கொண்டார். புகையிலைக்கு மட்டும் தயங்கினார்.

"போடுங்கள். என் சரக்கு" என்றேன்.

மரியாதைக்காகக் கொஞ்சம் பெரிதாகவே கிள்ளிப் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டு, முன்பே இறங்கி நின்ற ராமையா கையில் இளநீர்க் காயைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

அப்போதுதான் அந்தக் கல்லைப் பார்த்தேன். கறுப்புக் கல். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. அதன் மேல் உளியால் கொத்திய குழிகள், வரிசை வரிசையாக. கோதண்டபாணி வாத்தியார் என் காதுக்குள் வந்து நின்றுகொண்டார். கறுப்புக் கல், ஜோகூர், உளி வேலை. மழையில் தேய்ந்த எழுத்தாக இருந்தால்? குனிந்தேன். வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. அதைக் கையில் எடுத்தேன்.

கல்லை எடுத்தால் வண்டி நகரும் என்று சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். சரித்திரம் தலைக்கு ஏறினவனுக்குத் தெரியாது.

"அண்ணே!" என்று ராமையா கத்தினபோது சக்கரம் என் கால் விரலை உரசிக்கொண்டு போய்விட்டது. யூசோப் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். கால் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். அது கொஞ்சம் யோசித்தது. பாலத்துப் பலகைகள் தடதடவென்று அதிர, வண்டி அந்தப் பக்கம் போய்ச் சேற்றில் மூக்கைச் செருகின பிறகுதான் பிடித்தது.

நாங்கள் ஓடினோம். ராமையா காயைச் சாய்க்காமல் ஓடினார், அதை நான் பாராட்ட வேண்டும். என் கையில் கல் இருந்தது.

"இதில் எழுத்து இருக்கிறது" என்றேன், ஓடிக்கொண்டே.

"அது எங்க வீட்டு அம்மிண்ணே. உடைஞ்சு போச்சுன்னு நான்தான் அவருக்குக் குடுத்தேன்" என்றார் ராமையா.

யூசோப் வண்டியை விட்டு இறங்கி நின்றார். பாலத்தைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது. கையை மரத்தில் ஊன்றிக்கொண்டு குனிந்தார். அப்புறம் வாந்தி எடுத்தார். சட்டை முன்பக்கமெல்லாம் சிவப்பு. புல்லெல்லாம் சிவப்பு.

"அலமாக்" என்றார் ராமையா, ஐயோ என்கிற மாதிரி, மெதுவாக.

ஒரு நிமிஷம் நானும் அந்த ராஜாவை நம்பினேன், மறைக்க என்ன இருக்கிறது? அடுத்த நிமிஷம் என் சரக்கின் வாசனை மூக்கில் ஏறியது. பழக்கமில்லாதவன் வேதாரண்யத்துப் புகையிலையை முதல் தடவை சாற்றோடு விழுங்கினால் தலை சுற்றி இப்படித்தான் ஆகும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் சம்பந்தி வீட்டாரை இதே மாதிரி படுக்க வைத்திருக்கிறோம்.

தண்ணீர் கொடுத்தோம். வாயைக் கொப்பளித்தார், முகத்தைக் கழுவினார், ஒரு வேர் மேல் உட்கார்ந்தார். மூச்சு நிதானத்துக்கு வந்தது.

"யூசோப், பயப்படாதீர்கள். அது ரத்தம் இல்லை. என் புகையிலை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நோவு இருந்தது, களைப்பு இருந்தது, இன்னும் ஏதோ ஒன்று புதிதாக எழுந்து வந்துகொண்டிருந்தது.

"தவுக்கே, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். "மண்ணை மிதிச்சா கக்கணும்னு சொல்லியிருக்கு. மிதிச்சேன். கக்கினேன். உயிரோட இருக்கேன். கணக்கு தீந்துச்சு."

"ஆனால் புகையிலை..."

"புகையிலைன்னா நான் இன்னும் கக்கல. இனிமேதான் கக்கணும். அப்ப நான் திரும்பிப் போகணும்" என்றார். "ரத்தம்னா உள்ள போலாம். எது வேணும் சொல்லுங்க?"

ராமையா காயை அவர் கையில் கொடுத்தார். அவர் எழுந்து, வண்டியைச் சேற்றிலேயே விட்டுவிட்டு, முன்னால் நடந்தார். ஐம்பது வயசுக்கு மேல் ஒரு மனுஷன் அவ்வளவு வேகமாக நடப்பதை நான் பார்த்ததில்லை. அம்மிக் கல்லை வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

உயரமான மரக் கால்களின் மேல் தூக்கிக் கட்டிய வீடு. வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே ஓதும் சத்தம் கேட்டது. படியில் சம்பந்தி எழுந்து நின்றார். மெலிந்த பெரிய மனுஷர், வெள்ளைத் தாடி. யூசோப்பைக் கண்டதும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஓதினவர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கதவுத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் "அப்பா" என்று மலாயில் கூப்பிட்டாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை, பயந்துபோயிருந்தாள்.

சம்பந்தி மலாயில் பேசினார். ராமையா என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். "நீ இங்க வரக்கூடாது. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் மருமக தாங்கமாட்டா. பச்ச ஒடம்பு. திரும்பிப் போயிருன்னு சொல்றாரு."

யூசோப் சட்டையைக் காட்டினார். பாலத்தில் நடந்ததைச் சொன்னார். முடிந்துவிட்டது என்றார். சம்பந்தி அசையவில்லை. உன் வார்த்தையை வைத்து நான் எப்படிப் பிள்ளையைக் கொடுப்பேன் என்றார்.

அப்போது யூசோப் திரும்பி என்னைக் காட்டினார். ராமையா சொல்லத் தயங்கினார், நான் வற்புறுத்தியதும் சொன்னார். "இந்தத் தமிழ் தவுக்கேயைக் கேளுங்க. இவரு எதையும் நம்பாதவரு. வழி முழுக்க எங்க சாபத்தைக் கிண்டல் பண்ணிட்டு வந்தாரு. இவரு பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லன்னு சொல்றாரு அண்ணே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்தும் யாரோ பார்த்தார்கள். என் வாயில் இன்னும் தாம்பூலம் இருந்தது. துப்ப இடமில்லை. கோதண்டபாணி வாத்தியார் சரித்திரத்துக்குச் சாட்சி தேடி என்னைக் கடல் கடந்து அனுப்பினார். கோட்டைக்குச் சாட்சி கிடைக்கவில்லை, செதுக்கின கல்லுக்குக் கிடைக்கவில்லை. இப்போது நானே சாட்சிக் கூண்டில் நிற்கிறேன், அதுவும் பொய்ச் சாட்சி. தாம்பூலத்தை அப்படியே விழுங்கினேன்.

அந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட மலாய் வார்த்தைகளில் அது ஒன்று.

"டாரா" என்றேன். ரத்தம். "கண்ணால் பார்த்தேன்."

சம்பந்தி படியிறங்கிக் கிட்டே வந்தார். என் உதட்டைப் பார்த்தார். பற்களைப் பார்த்தார். அப்புறம் யூசோப்பின் சட்டையைப் பார்த்தார், அதைக் கையால் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோய்க் கொஞ்சநேரம் வைத்திருந்தார். எனக்கு உள்ளே போன தாம்பூலம் மேலே வரலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தது.

விரலைத் தன் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"ஆமாம், ரத்தம்தான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு உள்ளே திரும்பி, சம்பந்திக்கு ஒரு நல்ல சட்டை எடுத்து வா என்றார்.

புதுச் சட்டையில் யூசோப் பாயில் உட்கார்ந்தார். சலேஹா திரையை விலக்கிக்கொண்டு வந்து பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். அவள் அழுதாள். அவர் அழவில்லை. கத்தரியை வாங்கினார். முதல் தடவை காற்றைத்தான் கத்தரித்தார். இரண்டாவது தடவை ஒரு துளி முடி அகப்பட்டது. தானே பல் பல்லாக வெட்டிக் கொண்டுவந்த காய்க்குள் அதைத் தானே போட்டார்.